சொல்லிட்டுப் போங்க தம்பி

அந்தச் செங்கல் மேல மட்டும் ஏறாதீங்க தம்பி. ஆடும். அட, உங்க எடையச் சொல்லல, செங்கலோட குணத்தச் சொல்றேன். போன வருஷம் இப்படித்தான் ஒரு அப்பா, பேங்குல பெரிய வேலையாம், டை எல்லாம் கட்டிக்கிட்டு அது மேல ஏறி ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு. பாத்தவரு அப்படியே மல்லாக்க விழுந்தாரு. கணுக்கால் பிசகிப்போச்சு. பையன் உள்ள ஜாலியா களிமண்ணு உருட்டிட்டு இருக்கான், இவரு வெளிய அய்யோ அம்மான்னு அலறுறாரு. அன்னைக்கு மொத்த ஸ்கூல்லயும் அதிகமா அழுதது அவருதான். எறங்குங்க. எறங்குங்கன்னா.

வாங்க, இந்த பெஞ்சுல உக்காருங்க. இதுக்குன்னே போட்டது இது. அழுவாச்சி பெஞ்சுன்னு பேரு. பிள்ளைங்களுக்கு இல்ல தம்பி, பெத்தவங்களுக்கு.

நானா? நான் இங்க ஆயா. பதினெட்டு வருஷமாச்சு. டீச்சருங்க வருவாங்க போவாங்க, கேட்டுக்கும் எனக்கும்தான் இங்க நிரந்தர வேலை. காலைல பிள்ளைங்கள கையில வாங்கறது, மூக்கு தொடைக்கறது, பால் ஊத்தறது, தூங்க வைக்கறது, சாயங்காலம் சரியான கையில ஒப்படைக்கறது. நீங்க அந்த ரெட்டைக் குடுமி பாப்பாவோட அப்பாதானே? ஒரு குடுமி காதுகிட்ட, இன்னொண்ணு உச்சந்தலைல இருந்துச்சே? நீங்களே போட்டதா? அட, நல்லாத்தான் இருக்கு. ஸ்க்ரூடிரைவர் புடிக்கிற கைக்கு இது பெரிய சாதனைதான். எப்படித் தெரியுமா? சட்டைலதான் கொட்டை எழுத்துல போட்டிருக்கே, ஃப்ரிட்ஜ் சர்வீஸ்னு.

கண்ணுல என்ன? தூசியா? ரெண்டு கண்ணுலயுமா? சரி சரி, தூசிதான். நான் ஒண்ணும் கேக்கல. இந்தாங்க, தொடைச்சுக்கோங்க.

ஓ, அம்மாவுக்கு ஆஸ்பத்திரில காலை டியூட்டியா. அதான் நீங்க கொண்டுவந்து விட்டீங்க. அப்ப ஆறு மாசக் கொழந்தைல இருந்து உங்க பட்டறைலயேதான் இருந்தாளா? ஃப்ரிட்ஜ் அட்டப்பெட்டிக்குள்ள தூங்குவாளா? அடக் கடவுளே, கேக்கவே ஆசையா இருக்கு. அப்ப வெளிப்படையாவே சொல்றேன் தம்பி, கோச்சுக்காதீங்க. அவ உங்கள விட்டு இருந்துடுவா. நீங்க அவள விட்டு இருந்துடுவீங்களான்னுதான் சந்தேகமா இருக்கு. இன்னைக்குப் பட்டறைக்குப் போனா அந்த அட்டப்பெட்டியப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க, கஸ்டமர் ஃபோன் பண்ணாக்கூட எடுக்க மாட்டீங்க.

சரி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. உள்ள விட்டுட்டு வரும்போது அவகிட்ட என்ன சொன்னீங்க?

எதுக்கு இப்பக் குனிஞ்சு செருப்பப் பாக்கறீங்க?

அதானே பாத்தேன். பிளாக்ஸ் அடுக்கிட்டு இருந்தா, இவரு மெதுவா எழுந்து, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, பூன மாதிரி வெளிய வந்துட்டாரு. கழுவுற மீனுல நழுவுற மீன் நீங்க. யாரு சொல்லிக் குடுத்தா? பக்கத்து வீட்டு அக்காவா? நைசா வந்துடு, அப்பதான் அழ மாட்டான்னு சொன்னாங்களா? அந்த அக்காவுக்குப் பிள்ளைங்க இருக்கா? இல்லையா? நல்லதாப் போச்சு.

தம்பி, உங்களத் திட்டல. பத்து பேர்ல எட்டு பேர் இதத்தான் பண்றாங்க. கெட்ட எண்ணத்துலயா பண்றாங்க? பிள்ள அழுறதப் பாக்கத் தெம்பு இல்ல, அவ்வளவுதான். ஆனா ஒரு பையன் கதையச் சொல்றேன், கேளுங்க. நான் வேலைக்குச் சேந்த மொத வருஷம். அவனுக்கு நாங்க வச்ச பேரு காவக்காரன்.

மொத நாள் அவங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க. உள்ள ஒரு மீன் தொட்டி இருக்கு, பாத்திருப்பீங்க. அங்க பாரு செவப்பு மீனுன்னு காட்டிட்டு, அவன் குனிஞ்சு பாத்த நேரத்துல அம்மா எஸ்கேப். அவன் திரும்பினான். அம்மா இல்ல. அழவே இல்ல தம்பி. நாங்க எல்லாரும் சந்தோஷமா, சமத்துப் பையன், சமத்துப் பையன்னு கொஞ்சினோம். எனக்கும் அப்ப அவ்வளவு விவரம் பத்தல. மறுநாள் வந்தான். வந்தவன் சுவத்துல முதுகச் சாய்ச்சு உக்காந்து கதவையே பாத்துட்டு இருக்கான். மீன் தொட்டி பக்கம் தலையத் திருப்பவே இல்ல. பால் குடிக்கறான், டம்ளருக்கு மேல ரெண்டு கண்ணும் கதவு மேலயே இருக்கு. தூங்க வச்சா தூங்கல. வீட்டுலயும் அப்படியேதானாம். அம்மா பல்லு வெளக்கினா சட்டையப் புடிச்சுக்கிட்டு நிப்பானாம். பாத்ரூம் போனா கதவுகிட்ட உக்காந்து விரல அடில விட்டு ஆட்டிக்கிட்டே இருப்பானாம், அம்மா இருக்கியா, அம்மா இருக்கியான்னு. ஒரு மாசம் ஓடுச்சு இந்தக் கூத்து.

அவன் என்ன கண்டுபுடிச்சிருக்கான் புரியுதா? நாம தலையத் திருப்பினா அம்மா காணாமப் போயிடுவாங்கன்னு கண்டுபுடிச்சிருக்கான். தப்பு அவனோடதாம், அவன் மீனப் பாத்ததுதான் குத்தமாம். மூணு வயசுப் பிள்ள மனசுல எவ்வளவு பெரிய பாரம் பாருங்க.

அய்யய்ய, மூஞ்ச அப்படி வச்சுக்காதீங்க. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் இப்பதான் எட்டிப் பாத்துட்டு வந்தேன், உங்க பொண்ணு இன்னும் கவனிக்கல. பிளாக்ஸ மேல மேல அடுக்கிட்டு இருக்கா, அவ தோள் உசரத்துக்கு வந்துடுச்சு. அது சாயும். சாஞ்சதும் உங்களக் காட்டத்தான் திரும்புவா. அதுக்குள்ள உள்ள போங்க. எந்திரிங்க.

அழுவாதான். அழாம? சொல்லிட்டுப் போனா அழுவா, சொல்லாமப் போனா பயப்படுவா. அழுகைக்கு எங்கிட்ட ஆயிரம் வைத்தியம் இருக்கு, பயத்துக்கு ஒண்ணுகூடக் கெடையாது.

என்ன சொல்றதுன்னா? இருங்க, அவசரப்படாதீங்க, அதையும் சொல்றேன். மொதல்ல முட்டி போட்டு உக்காருங்க, அவ கண்ணும் உங்க கண்ணும் நேரா இருக்கணும். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு புளுகாதீங்க. பன்னெண்டு மணிக்குன்னும் சொல்லாதீங்க, அவளுக்கு மணி தெரியாது. நீ பால் குடிப்ப, பாட்டுப் பாடுவ, மணல்ல வெளையாடுவ, அப்புறம் ஆயாம்மா ஷூ மாட்டிவிடுவாங்க. ஷூ மாட்டினதும் அப்பா இந்த வாசல்ல நிப்பேன். இப்படிச் சொல்லுங்க. மொத வாரம் அரை நாள்தான், கரெக்டா பன்னெண்டுக்கு ஷூ. சொன்னா வந்து நிக்கணும் தம்பி, பன்னெண்டே கால்னா இந்த கேட்டுப் பக்கமே வராதீங்க. அப்புறம் ஒரு முத்தம். ஒண்ணே ஒண்ணு. அப்பா போயிட்டு வரேன்னு சொல்லிட்டு நடையக் கட்டுங்க. திரும்பிப் பாக்கக் கூடாது.

உங்க சாமான் ஏதாவது கையில இருந்தாக் குடுங்க அவகிட்ட. அது என்ன பாக்கெட்டுல, கைதொடைக்கற துணியா? கிரீஸ் நாத்தம் அடிக்குதா? அது நாத்தம் இல்ல தம்பி, அவளுக்கு அதுதான் அப்பா. அதையே குடுங்க. டீச்சர் மூஞ்சச் சுளிப்பாங்க, நான் பாத்துக்கறேன். ஓடுங்க!

வாங்க வாங்க, உக்காருங்க. கேட்டுச்சு. இங்க என்ன, தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. நல்ல கணீர்னு தொண்டை. இல்ல, திரும்பப் போகக் கூடாது. உக்காருங்கன்னு சொல்றேன்ல. திரும்பிப் பாத்தீங்களா? பாத்தீங்க. உங்க மொகத்துலயே தெரியுது. எத்தன தடவ? மூணா? மூணு தடவையா! போகட்டும், மொத நாள். நான் தண்ணி தரேன், குடிங்க.

நான் சொன்னபடியே சொன்னீங்களா? ஷூ எந்தக் காலுன்னு கேட்டாளா? ஹா ஹா! அப்ப புரிஞ்சுபோச்சு அவளுக்கு. அழுதுக்கிட்டே கணக்குக் கேக்கற பிள்ளை பொழைச்சுக்கும் தம்பி.

அழுகை நிக்க கொஞ்ச நேரம் ஆகும். அது வரைக்கும் கதையக் கேளுங்க. அந்தத் துணி குடுத்தீங்கல்ல, அதுக்குப் பின்னாடி என் மானம் போன கதை ஒண்ணு இருக்கு.

வகுப்புச் செவுத்துல வரிசையா துணிப்பை தச்சு மாட்டியிருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை. அதுல வீட்டுலேருந்து ஒரு துணி. சிலதுக்கு அம்மாவோட பழைய நைட்டித் துண்டு, சிலதுக்கு அப்பா கைக்குட்டை, ஒருத்திக்கு அவங்க அக்காவோட ஒத்தைக் காலுறை. அழுகை முட்டிக்கிட்டு வந்தா அவங்களே போய் எடுத்து மூக்குல வச்சு ஒரு இழுப்பு இழுத்துட்டு, திரும்ப மடிச்சு வச்சுட்டு வெளையாடப் போயிடுவாங்க. பெரியவங்க டீ குடிக்கற மாதிரி. இந்த ஏற்பாடு பண்ணினது பெரிய டீச்சர். நான் வேலைக்குச் சேந்து ரெண்டாம் மாசம். எனக்கு அழுக்கு கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது. வெள்ளிக்கிழமை எல்லாரும் போனப்புறம் பாக்கறேன், பதினாலு பையிலயும் பதினாலு அழுக்குத் துணி. சளி, எச்சில், பிஸ்கட்டுத் தூள், சொல்லி மாளாது. சரி, நாமதான் ஆயாவாச்சேன்னு, யாரும் சொல்லாமலே, அத்தனையையும் அள்ளிட்டுப் போய் வெந்நீர்ல ஊற வச்சு, சோப்புப் போட்டு, பத்தாததுக்குக் கிருமிநாசினி வேற ஊத்தி, அடிச்சுத் தொவைச்சு, வெயில்ல காயப்போட்டு, இஸ்திரியும் போட்டு வச்சேன். தும்பைப்பூவாட்டம் இருக்கு! திங்கக்கிழமை எல்லாரும் என்னப் பாராட்டப் போறாங்கன்னு தலையெல்லாம் நல்லா வாரிக்கிட்டு வந்தேன்.

சிரிக்காதீங்க. இன்னும் வரல.

திங்கக்கிழமை பத்து மணிக்கு மொத பாப்பா போய்த் துணிய எடுத்து மூக்குல வச்சா. மோந்தா. இன்னொரு தடவ மோந்தா. திருப்பிப் போட்டு மோந்தா. என்னப் பாத்தா பாருங்க ஒரு பார்வ! கொலைகாரியப் பாக்கற மாதிரி. அப்புறம் கீழ விழுந்து பொரண்டு, எங்கம்மா போயிட்டாங்க, எங்கம்மா போயிட்டாங்கன்னு ஒரே கதறல். அதக் கேட்டு மத்ததுங்க ஓடிப்போய் அவங்கவங்க துணிய எடுத்து மோந்து பாத்துச்சுங்க. அவ்வளவுதான். பதினாலும் குய்யோ முறையோன்னு கூப்பாடு. பக்கத்துத் தெரு தீயணைப்புக்காரங்க வந்து என்ன ஏதுன்னு எட்டிப் பாத்தாங்க தம்பி, பொய் சொல்லல. வேலில போன ஓணானப் புடிச்சு மடில விட்டுக்கிட்ட கதையாப் போச்சு எனக்கு.

பெரிய டீச்சர் என்னத் திட்டக்கூட இல்ல. பதினாலு வீட்டுக்கும் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. இன்னைக்கு ராத்திரி இந்தத் துணியக் கழுத்துல சுத்திக்கிட்டுத் தூங்கவும், காலையில் குளிக்கும் முன்பே கழற்றி, துவைக்காமல் கொடுத்து அனுப்பவும். கீழ ஒரு வரி, இப்படிக்கு வருத்தத்துடன் ஆயா. எங்கையால கையெழுத்து. அன்னைலேருந்து யாராவது கைக்குட்டைல மூக்கச் சிந்தினாக்கூட, இத ஆயாகிட்டக் குடுக்காதீங்க, தொவைச்சுடுவாங்கன்னு டீச்சருங்க கிண்டல் பண்ணுவாங்க.

இப்ப கேளுங்க. என்ன கேக்குது?

ஒண்ணும் கேக்கலைல? அதான். நின்னுபோச்சு. செங்கல் வேணாம், நானே பாத்துட்டு வந்து சொல்றேன்.

உக்காந்திருக்கா. பால் குடிக்கறா. உங்க கிரீஸ் துணிய மடில விரிச்சு வச்சு, அது மேல பிஸ்கட்டு. இன்னொரு பாப்பாகிட்ட என்னமோ ரொம்ப சீரியஸா சொல்லிட்டு இருந்தா, காது குடுத்தேன். அப்புறம் மணல், அப்புறம் ஷூ, அப்புறம் எங்கப்பான்னு பாடம் எடுக்கறா. பாத்தீங்களா? பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. அவ பிஸ்கட்டு திங்கறா, நீங்க இன்னும் மூக்க உறிஞ்சறீங்க.

என்ன கேட்டீங்க? எனக்குப் பிள்ளைங்களா?

ஒரு பொண்ணு.

பெரியவ தம்பி. இருபது முடிஞ்சுடுச்சு. ரத்தம் எல்லாம் டெஸ்ட் பண்ற படிப்பு. லேப்பு. ஊசியப் பாத்தா நான் மயங்கி விழுவேன், அவ ஊசியோடதான் குடித்தனமே பண்றா. இங்கதான் படிச்சா. இதே வகுப்புதான், இதே ஜன்னல். நான் வேலைக்குச் சேந்தப்ப அவளுக்கு ரெண்டரை வயசு. அதனால பாருங்க, எல்லாப் பிள்ளையும் வாசல்ல அழும், இவ மட்டும் ராணி மாதிரி உள்ள போவா. ஏன் அழப்போறா, அம்மா இங்கயேதான இருக்கேன்? பெரிய ஸ்கூலுக்குப் போனா, அது தெருவுக்கு எதிர்ப் பக்கம். இடைவேளைல இந்த கேட்டுக்கு வந்து எங்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போவா. காலேஜும் பத்து நிமிஷ நடை. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்குப் போவோம். பதினெட்டு வருஷத்துல எத்தன பேருக்கு டாட்டா சொல்லக் கத்துக் குடுத்தேன்னு எனக்கே தெரியாது. ஆனா நானும் அவளும் ஒரு தடவகூட ஒருத்தருக்கொருத்தர் டாட்டா சொன்னதில்ல. சந்தர்ப்பமே வரல தம்பி.

இப்பவா? இப்ப எங்க இருக்கான்னா... பஸ் ஸ்டாண்டுல இருப்பா.

வேலை கெடைச்சிருக்கு. தூரம். ஒரு பகல் ஒரு ராத்திரி போகணும். வருஷத்துக்கு ஒரு தடவதான் லீவாம். பதினோரு மணிக்கு பஸ். அவங்கப்பா பெட்டியத் தூக்கிட்டுக் கூடப் போயிருக்காரு. டீச்சர் எனக்கு இன்னைக்கு லீவு குடுத்துட்டாங்க, வராதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. மொத நாளாச்சே, புதுப்பிள்ளைங்க அழுமேன்னு நான்தான்...

இல்ல. பிள்ளைங்களுக்காக வரல. உங்ககிட்ட எதுக்குப் பொய். காலைல அவ குளிக்கப் போனா. நான் கதவுக்கு வெளிய நின்னு, கடைக்குப் போயிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு சொன்னேன். உள்ளேருந்து சரிம்மான்னா. செருப்பக்கூட வாசல் தாண்டித்தான் மாட்டினேன். ஊருக்குத்தான் உபதேசம். இதோ ஃபோனு, சத்தத்தை அமுத்தி வச்சிருக்கேன். பாருங்க, ஒம்போது தடவ கூப்பிட்டிருக்கா. எடுத்தா என் கொரலு நிக்காது தம்பி. அதான் பேசிக்கிட்டே இருக்கேன், காலைலேருந்து, யாரு கெடைச்சாலும். அதுக்குன்னு நீங்க மாட்டினீங்க.

என்ன எந்திரிச்சுட்டீங்க? வண்டிச் சாவிய எதுக்கு எடுக்கறீங்க? வேணாம் தம்பி. பத்தரை ஆச்சு. பதினஞ்சு நிமிஷத்துல போயிடலாம்தான், ஆனா... உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம். அவ என்னப் பாத்தா அழுவா. போற நேரத்துல எதுக்குப் பிள்ளைய...

என்ன அப்படிப் பாக்கறீங்க?

தெரியுது. எனக்கே தெரியுது. வாயத் தொறக்காதீங்க, நானே எந்திரிச்சுக்கறேன்.

டீச்சர்! நான் ஒரு நட போயிட்டு வந்துடறேன்! பாருங்க, சிரிக்கறாங்க, போ போன்னு கைய ஆட்டறாங்க. இந்தாங்க, கேட்டத் தாழ்ப்பாள் போடுங்க. பன்னெண்டுக்கு முன்ன நீங்க இந்த வாசல்ல இருந்தாகணும், ஷூ மாட்டற நேரம், மறந்துடாதீங்க.

நான் பின்னாடி ஒரு பக்கமா உக்காந்துக்கறேன். உக்காந்துட்டேன். மெதுவா ஓட்டுங்க. இல்ல, வேகமா ஓட்டுங்க. எனக்கு என்ன சொல்றதுன்னுகூடத் தெரியல தம்பி, நெசமாத் தெரியல. அழுதுடுவேன், இப்பவே சொல்லிட்டேன். அத்தன பேருக்கு நடுவுல ஒப்பாரி வச்சு அவ மானத்த வாங்கப் போறேன். வாங்கினா வாங்கறேன். எடுங்க வண்டிய.